நெல் துழாவும் கருவி: விற்பதற்கு முன் மாதிரி செய்வதும் உரிமையைக் காப்பதும்

காரைதீவிலிருந்து ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் நண்பருடன் சேர்ந்து, காயப்போட்ட நெல்லைத் துழாவும் தள்ளுகருவி ஒன்றை அவர் உருவாக்கியிருக்கிறார். சில்லு உருளும்போது தகடுகள் சுழன்று நெல்லைப் புரட்டுகின்றன. கைப்பிடியிலுள்ள லீவரைத் திருப்பினால் அதே தகடுகள் சாய்வை மாற்றிக்கொண்டு மாலையில் நெல்லைக் கூட்டிக் குவிக்கின்றன. கருவியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நிறுவனமும் கேட்டிருக்கிறது. வரும் பெரும்போக அறுவடையில் வீதியோரத்தில் ஓட்டிக் காட்டி விற்கத் தொடங்கலாமா, முதலில் பேட்டன்ட் எடுக்க வேண்டுமா, எடுப்பதென்றால் இன்னும் செம்மையாகாத மாதிரியை வைத்துக்கொண்டு எடுக்க முடியுமா என்பதே அவருடைய கேள்வி.

வேலையின் வரிசை இப்படி அமைய வேண்டும் என்பது என் கருத்து. உலகில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். பிறகு மலிவான மாதிரிகளை மூடிய இடத்தில் ஓட்டி, உங்கள் கருவியில் மெய்யாகவே புதியது எந்தப் பகுதி என்பதைக் கண்டுகொள்ளுங்கள். அந்தப் பகுதி நிலைத்தவுடன், கருவியை அழகுபடுத்தும் வரை காத்திராமல் விண்ணப்பியுங்கள். விண்ணப்பத் திகதி கையில் வந்த பிறகு வீதிக்கு வாருங்கள். ஆக்கவுரிமைக்கு, அதாவது பேட்டன்டுக்கு, விண்ணப்பிக்க முழுமையான கருவி தேவையில்லை. துறை தெரிந்த ஒருவர் படித்து அதன்படி செய்யக்கூடிய அளவுக்கு விபரிப்பும் வரைபடமும் போதும். ஆனால் விண்ணப்பித்த பின் அந்த விபரிப்புக்குள் புதிய விடயத்தைச் சேர்க்க முடியாது. தகடு எந்தச் சாய்வில் நின்றால் நெல் புரளும் என்பது உங்களுக்கே தெரியாத நிலையில் விண்ணப்பித்தால், பின்னர் களத்தில் கண்டறியும் நல்ல பகுதி அந்த உரிமைக்கு வெளியே நின்றுவிடும். மாதிரி செய்வதும் உரிமை காப்பதும் ஒரே வேலையின் இரு பக்கங்கள் என்று நான் கருதுவது இதனால்தான்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். இலங்கையில் இதை ஆள்வது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஆக்கவுரிமை பெறும் கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். துறை தெரிந்தவருக்கு இயல்பாகவே தோன்றிவிடாத ஒரு படிமுறை அதில் இருக்க வேண்டும். தொழிலில் பயன்படக்கூடியதாகவும் இருக்க வேண்டும். புதுமை உலகளவில் பார்க்கப்படும். விண்ணப்பத் திகதிக்கு முன்னர் எந்த நாட்டிலாவது எழுத்தாலோ, பேச்சாலோ, பயன்பாட்டாலோ பொதுமக்களுக்கு வெளிப்பட்டுவிட்ட எதுவும் அந்தப் புதுமையைக் கெடுக்கும். கல்முனை–அக்கரைப்பற்று வீதியோரத்தில் ஒரு மாலை கருவியை ஓட்டுவதே பயன்பாட்டால் வெளிப்படுத்துவதாகும். அதைப் பார்த்த ஒருவர் கைத்தொலைபேசியில் பிடித்து முகநூலில் இட்டுவிட்டால், திகதியுடன் கூடிய சான்றும் உருவாகிவிடும்.

இங்கே ஒரு சலுகை இருக்கிறது. விண்ணப்பத்துக்கு முந்திய ஓராண்டுக்குள் விண்ணப்பதாரரே செய்த வெளிப்படுத்தலை நமது சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே ஏற்கெனவே அயலவர் சிலருக்குக் காட்டியிருந்தால் எல்லாம் போய்விட்டது என்று அஞ்ச வேண்டாம்; காட்டிய திகதியைக் குறித்துவைத்து, அந்த ஓராண்டுக்குள் விண்ணப்பியுங்கள். ஆனால் இந்தச் சலுகையை நம்பித் திட்டம் போடக் கூடாது. ஐரோப்பிய ஆக்கவுரிமை முறை இப்படிப்பட்ட பொதுவான ஓராண்டைத் தருவதில்லை. இந்தியச் சட்டத்திலும் விதிவிலக்குகள் குறுகியவை. தமிழ்நாட்டு நெல் விவசாயிகளும் உங்கள் கருவியை வாங்கக்கூடும் என்ற எண்ணம் இருந்தால், இங்கே வீதியில் காட்டிய ஒரு நாள் அங்கே கதவை அடைத்துவிடலாம். அதைவிட அருகிலுள்ள ஆபத்தும் உண்டு: நீங்கள் காட்டியதைப் பார்த்துத் தூண்டப்பட்டு, வேறொருவர் தாமாகவே ஒரு திருத்தம் செய்து உங்களுக்கு முன் விண்ணப்பித்துவிட்டால், அந்தத் திருத்தத்தை நீங்கள் உங்களுடையது என்று கோர முடியாது.

வரைபடத்தைக் கடித உறையிலிட்டு, தமக்குத்தாமே பதிவுத் தபாலில் அனுப்பி, உடைக்காமல் அலுமாரியில் வைத்தால் பாதுகாப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கை நம் பகுதியில் இன்னும் இருக்கிறது. அந்த உறை எந்த உரிமையையும் தராது. இருவர் தனித்தனியே ஒன்றையே கண்டுபிடித்திருந்தால், முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை. அதேபோல, இந்திய இணையத்தளங்களைப் படித்துவிட்டு "தற்காலிக விண்ணப்பம் போட்டுவைக்கலாம்" என்று பலர் சொல்கிறார்கள். அந்த ஏற்பாடு இந்தியச் சட்டத்தில் உள்ளது, நமது சட்டத்தில் இல்லை. இங்கே முதல் விண்ணப்பமே முழு விண்ணப்பம்.

இனித் தேடல். எஸ்பாசெனட், பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ் ஆகிய மூன்று இணையவழி ஆக்கவுரிமைத் தரவுத்தளங்களும் இலவசமானவை. தானியம் உலர்த்தும் கருவிகள் பெரும்பாலும் சர்வதேச வகைப்படுத்தலில் எஃப் 26 பி (F26B) என்ற பிரிவின்கீழ் வரும். வெறும் சொற்களால் தேடுவதைவிட இந்தக் குறியீட்டோடு சேர்த்துத் தேடுவது பலன் தரும். சீனாவில் நெல், கோதுமை, சோளம் துழாவும் தள்ளுகருவிகளுக்கு ஏராளமான பதிவுகள் இருக்கின்றன. அவற்றை இயந்திர மொழிபெயர்ப்பில் படிக்கலாம். மொழி கரடுமுரடாக இருந்தாலும் வரைபடங்கள் தெளிவாகவே பேசும். முதல் மாலையிலேயே உங்கள் கருவியைப் போன்ற பத்துப் படங்களையாவது காண்பீர்கள் என்றே நினைக்கிறேன். மனம் தளர வேண்டாம்.

அந்தப் படங்களிலிருந்து இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சீனாவில் மட்டும் பதிவான ஒன்றை இலங்கையில் செய்து விற்க அந்தப் பதிவு தடையாகாது, ஏனெனில் ஆக்கவுரிமை அதை வழங்கிய நாட்டின் எல்லைக்குள்தான் செல்லும். ஆனால் அதே பதிவு, அந்த அமைப்பை இங்கே நீங்கள் உங்களுடைய கண்டுபிடிப்பு என்று கோருவதைத் தடுத்துவிடும். ஆகவே தேடலின் பயன் விற்கத் தடையுண்டா என்று அறிவதில் மட்டும் முடிவதில்லை; எதைக் கோரலாம், எதைக் கோரக் கூடாது என்ற எல்லையை அது காட்டுகிறது. சில்லால் சுழலும் தகடு பழையதாகத்தான் இருக்கும். ஒரே தகட்டுத் தொகுதி ஒரு லீவரின் அசைவால் துழாவும் நிலையிலிருந்து கூட்டும் நிலைக்கு மாறும் அந்த இணைப்பு அமைப்பே உங்களுடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். மாதிரி வேலை முழுவதும் அந்த இணைப்பைச் சுற்றியே நடக்க வேண்டும்.

மாதிரி செய்வதில் நம்மவர்கள் பெரும்பாலும் எடுத்தவுடனேயே பெட்டி இரும்பை வெட்டி, வெல்டிங் செய்து, நிறமும் பூசி முழுக் கருவியைச் செய்துவிடுகிறார்கள். பட்டறை சொந்தமாக இருக்கும்போது இந்த ஆசை இன்னும் வலுக்கும். வெல்டிங் செய்ததை மாற்ற மனம் வராது. ஆகையால் முதல் மாதிரிகளில் போல்ட்டும் நட்டும் போதும், துளைகளை நீள்துளைகளாக விட்டால் சாய்வை நகர்த்திப் பார்க்கலாம். ஒவ்வொரு மாதிரியும் ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்லட்டும். தகட்டின் சாய்வை அறிய ஒட்டுப்பலகைத் துண்டொன்றைக் கையால் இழுத்தாலே போதும். லீவர் இணைப்பை அறிய தடித்த அட்டையும் குண்டூசியும் போதும். பழைய சைக்கிள் சில்லு, செயின், பல்சக்கரம் ஆகியவை ஓட்டத்தை அறியப் போதுமானவை.

நெல்லின் கணக்குகளைப் போட்டுப் பாருங்கள், ஏனெனில் உங்கள் கருவி தோற்கக்கூடிய இடங்களை அவை முன்கூட்டியே சொல்லும். நெல்லை 2 முதல் 4 சென்றிமீற்றர் தடிப்பில் பரப்பி அரை மணிக்கு ஒருமுறை துழாவுவதே சீராக உலர்த்தும் முறை. ஒரு கனமீற்றர் நெல் ஏறத்தாழ 550 முதல் 600 கிலோ நிற்கும். அப்படியானால் 3 சென்றிமீற்றர் தடிப்பில் ஒரு சதுரமீற்றரில் கிட்டத்தட்ட 17 கிலோ இருக்கும். 10 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமும் கொண்ட படங்கில் (தார்ப்பாயில்) அரைத் தொன் கிடக்கும். துழாவும்போது தகட்டின் முன்னால் நெல் சேராது, ஆகவே பாரம் சிறியது. கூட்டும்போது நிலைமை வேறு: 60 சென்றிமீற்றர் அகலத்தில் 3 மீற்றர் தள்ளியதும் முன்னால் 30 கிலோவுக்கு மேல் குவிந்துவிடும். துழாவுவதற்கு இலகுவாகச் செய்த கருவி கூட்டும்போது நெல்லைத் தள்ளாமல் அதன்மேல் ஏறிச் சறுக்கும்; கூட்டுவதற்குப் பாரமாகச் செய்த கருவியின் சில்லு, துழாவும்போது சீமெந்துத் தரையில் நெல்லை நசுக்கும். இந்த முரண்பாட்டை எப்படித் தீர்க்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் புத்தாக்கத்தின் சாரமே இருக்கலாம். லீவரைத் திருப்பும்போது பாரம் சில்லிலிருந்து தகட்டுக்கு மாறும்படி செய்ய முடிந்தால், அது தகட்டுச் சாய்வைவிடப் பெறுமதியான கோரிக்கையாக, அதாவது விண்ணப்பத்தில் உங்களுடையது என்று எழுதிக் கோரும் பகுதியாக, அமையும்.

தேய்மானம் இன்னொரு விடயம். உமியில் சிலிக்கா நிறைய உண்டு. உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பங்கு அதுவே. ஆகவே நெல் மெல்லிய இரும்பையும் பிளாஸ்டிக்கையும் அரம்போல அராவிவிடும். தகட்டின் விளிம்பில் கழற்றி மாற்றக்கூடிய றப்பர் பட்டை வைத்தால் தரையும் சுரண்டாது, நெல்லும் உடையாது. அந்தப் பட்டையை உதிரிப்பாகமாக விற்பது பின்னாளில் ஒரு வருமானமாகவும் ஆகும்.

எங்கே ஓட்டிப் பார்ப்பது என்ற கேள்விக்கு நம் பகுதியில் நல்ல விடை உண்டு. புழுங்கல் நெல் காயவைக்கும் அரிசி ஆலைகளின் சீமெந்துக் களங்கள் மதிலுக்குள் இருக்கின்றன. அறுவடைக் காலம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. புழுக்கிய நெல் வயலிலிருந்து வரும் நெல்லைவிட ஈரமானது என்பதால் பெறுபேற்றை அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. ஆனால் இணைப்பு நிற்குமா, உடையுமா என்பதை அங்கே அறிந்துவிடலாம். பச்சை நெல்லில் சோதிப்பதற்கு சிறுபோக அறுவடையின்போது, அதாவது யூலை, ஓகஸ்ட் மாதங்களில், தெரிந்த ஒருவரின் வேலியடைத்த வளவு போதும். அதன் பிறகு விண்ணப்பத்தை எழுதி மாரிமழைக்குள் சமர்ப்பித்துவிட்டால், தை பிறந்து வேளாண்மை வெட்டுத் தொடங்கும்போது தடையின்றி வீதிக்கு வரலாம். ஆலை முதலாளியிடம், அங்கே பார்ப்பதையும் கேட்பதையும் வெளியே சொல்வதில்லை என்று இரண்டு பந்தியில் ஒரு இரகசியக் காப்பு உடன்படிக்கையில் கையொப்பம் வாங்குங்கள். தெரிந்தவரிடம் தாளை நீட்டுவது நமக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் இரகசியம் பேணும் கடமையுடையவர் பார்த்தது பொதுமக்களுக்கு வெளிப்பட்டதாகாது என்பதற்கு அந்தத் தாளே சான்று.

சோதனையில் அளக்க வேண்டியவை மூன்று: ஈரப்பதம் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது, அந்த நெல்லைக் குற்றும்போது குறுணை எவ்வளவு விழுகிறது, ஒருவர் ஓய்வில்லாமல் எவ்வளவு நேரம் தள்ள முடிகிறது. நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்கும் ஈரப்பதம் 14 சதவீதம். வெட்டுமெசினிலிருந்து வரும் நெல் 20 சதவீதத்துக்கு மேலும் நிற்கும். சில இடத்தில் கடும்சூடு ஏறி, சில இடத்தில் ஈரம் நின்றால் மணி வெடித்துக் குறுணை கூடும் என்பதால், உங்கள் கருவி சீராகத் துழாவுகிறது என்பதற்குக் குறுணைக் கணக்கே நல்ல சான்று. பக்கத்துப் படங்கில் அதே நெல்லைக் காலாலும் பலகையாலும் துழாவி ஒப்பிடுங்கள். பக்க எண் இட்ட, தாள் கிழிக்க முடியாத கொப்பியில் திகதியுடன் எழுதி, வரைபடம் போட்டு, இருவரும் கையொப்பமிடுங்கள். இந்தக் கொப்பி உரிமையைத் தராது. ஆனால் யார் எதைக் கண்டுபிடித்தார் என்ற கேள்வி பின்னர் எழுந்தால் அதுவே பேசும்.

அந்தக் கேள்வி எழும் என்பதையும் இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வரைபடத்தின்படி இரும்பை ஒட்டிக் கொடுத்தவர் கண்டுபிடிப்பாளர் ஆகமாட்டார். ஆனால் லீவரின் இணைப்பை அவர்தான் யோசித்தார் என்றால் அவர் கூட்டுக் கண்டுபிடிப்பாளர், அவருடைய பெயர் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். நட்பு நன்றாக இருக்கும்போதே பங்கு, செலவு, விற்கும் அதிகாரம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலோ, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்திலோ, அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்திலோ சோதனைக்கு உதவி கேட்கலாம், கேட்பது நல்லதும்கூட. அப்போதும் இதே எழுத்து தேவை. அத்துடன், மாணவர் ஆய்வறிக்கையோ மாநாட்டுக் கட்டுரையோ விண்ணப்பத்துக்கு முன் வெளிவந்தால் அதுவும் வெளிப்படுத்தலே என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். வெளியே லேத் வேலைக்குக் கொடுக்கும்போது ஒரே இடத்தில் முழுக் கருவியையும் கொடுக்காமல், பாகங்களைப் பிரித்துக் கொடுங்கள். இணைப்பை உங்கள் பட்டறையில் மாட்டுங்கள்.

விண்ணப்பத்தின் உயிர் அதன் கோரிக்கைகளில் இருக்கிறது. "நெல்லைத் துழாவிக் கூட்டும் கருவி" என்று எழுதினால் அது பழையது என்று தள்ளப்படும். "12 அங்குல நீளத்தில் 6 தகடுகளும் 20 அங்குலச் சில்லும் கொண்ட கருவி" என்று எழுதினால், 7 தகடு வைத்தவர் தப்பிவிடுவார். தகட்டுத் தொகுதி எந்த அச்சில் திரும்புகிறது, லீவர் அதை எதன் ஊடாகத் திருப்புகிறது, திருப்பும்போது சுழற்சி எவ்வாறு துண்டிக்கப்படுகிறது என்று செயல் உறவைக் கோருவதே சரியான அகலம். மாற்றுவழிகளையும், நீங்கள் செய்யாவிட்டாலும், விபரிப்பில் எழுதுங்கள்: செயினுக்குப் பதில் பெல்ட், லீவருக்குப் பதில் மிதிபலகை, கையால் தள்ளுவதற்குப் பதில் சிறு மோட்டார். பகர்த்துபவர் முதலில் யோசிப்பது இவற்றைத்தான். விபரிப்பை நீங்களே எழுதலாம். கோரிக்கைகளை மட்டுமாவது புலமைச் சொத்தில் பழகிய முகவர் ஒருவரிடம் காட்டுங்கள். விண்ணப்பம் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். கண்டுபிடிப்பாளருக்கு ஊக்கமும் உதவியும் தருவதற்கென்றே 1979 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த கண்டுபிடிப்பாளர் ஆணைக்குழு இருக்கிறது. செலவை எண்ணித் தயங்குவதற்கு முன் அங்கே விசாரியுங்கள். வெளிநாட்டிலும் கோர விரும்பினால், இலங்கை விண்ணப்பத் திகதியிலிருந்து 12 மாதங்களுக்குள் முன்னுரிமையுடன், அதாவது இலங்கைத் திகதியே அங்கும் கணக்கில் எடுக்கப்படும்படி, விண்ணப்பிக்க வேண்டும்.

கருவியின் தோற்றத்தைக் கைத்தொழில் வடிவமைப்பாகவும், பெயரை வர்த்தகக் குறியாகவும் தனித்தனியே பதியலாம். முன்னது 5 ஆண்டுகள், இரு தடவை புதுப்பிக்கலாம். பின்னது 10 ஆண்டுகள், தொடர்ந்து புதுப்பிக்கலாம். தொழில்நுட்பப் பயனுக்காக மட்டுமே அமைந்த வடிவம் கைத்தொழில் வடிவமைப்பாகக் காப்பு பெறாது என்பதால், உங்கள் விடயத்தில் முன்னதற்குப் பெரிய பலனில்லை. பெயரைப் பதிவது மலிவானது, அதைத் தவறவிடாதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாக் கருவிக்கும் ஆக்கவுரிமை எடுப்பது இலாபமில்லை. விண்ணப்பத் திகதியிலிருந்து 20 ஆண்டுகள் என்பது ஆண்டுக் கட்டணத்தைத் தவறாமல் கட்டுபவருக்குத்தான். சம்மாந்துறையிலோ செங்கலடியிலோ ஒரு பட்டறை உங்கள் கருவியைப் பகர்த்திச் செய்தால், வழக்கு கொழும்பில் வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போகும். போக்குவரத்தும் சட்டத்தரணியும் சேர்ந்து, அந்தப் பட்டறை விற்ற கருவிகளின் விலையைத் தாண்டிவிடலாம். கிழக்கில் மட்டும் சில நூறு கருவிகளை விற்பதே உங்கள் எண்ணமென்றால், பெயரைப் பதிந்து, உதிரிப்பாகம் எப்போதும் கையிருப்பில் வைத்து, பழுதானால் அன்றே வந்து திருத்தும் சேவையைத் தருவது ஆக்கவுரிமையைவிட வலிய காப்பாக இருக்கக்கூடும். நாடு முழுவதும் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுப்பதே எண்ணமென்றால் ஆக்கவுரிமை இன்றியமையாதது, ஏனெனில் அவர்கள் வாங்கப்போவது அதைத்தான். இறக்குமதி செய்பவர்களைத் தடுப்பதற்கும் அது இல்லாமல் வழியில்லை.

உங்களிடம் கேட்ட நிறுவனம் இரண்டாவது வகை, அதாவது உரிமம் வாங்கக்கூடியது, போலத் தெரிகிறது. விண்ணப்பிக்கும்வரை அவர்களிடம் கருவி என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்: ஒரு மணி நேரத்தில் எத்தனை படங்கு துழாவும், குறுணை எவ்வளவு குறைகிறது, எத்தனை பேர் வேலையை மிச்சப்படுத்துகிறது. எப்படிச் செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டாம். படமும் காணொளியும் அனுப்ப வேண்டாம். பெரிய நிறுவனங்கள் சில இரகசியக் காப்பு உடன்படிக்கையில் கையொப்பமிட மறுப்பதுண்டு. அதை அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்ளாமல், விண்ணப்பத் திகதிக்குப் பின் ஒரு சந்திப்பு கேளுங்கள். அப்போது முழு உரிமையையும் ஒரே தொகைக்கு எழுதிக் கொடுக்கும்படி கேட்பார்கள். முற்பணம், விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் உரிமத் தொகை, ஆண்டொன்றுக்குக் குறைந்தபட்சம் இத்தனை கருவி என்ற கட்டாயம், அந்த அளவு விற்காவிட்டால் உரிமை உங்களிடமே திரும்பும் என்ற வாசகம் ஆகிய நான்கும் எழுத்தில் இல்லாமல் கையொப்பமிட வேண்டாம். கடைசி வாசகம் இல்லாத உடன்படிக்கையில் கருவி அவர்களுடைய களஞ்சியத்தில் முடங்கிக்கிடந்தாலும், நீங்கள் உங்கள் சொந்த வளவில்கூட அதைச் செய்து விற்க முடியாத நிலை வரும்.